படிப்பில் தடுமாறுவது ஒழுங்கீனம் ஆகாது: மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துணை முதல்வர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என்னோடு ஒரே துறையில் வேலை பார்த்தவர்கள், சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். படிப்பில் தடுமாறும் பிள்ளையைத் தப்பு செய்த பிள்ளையைப் போல நடத்தாதீர்கள். இரண்டுக்கும் வேறு வேறு வழி வேண்டும். கோப்பும் வேறாக இருக்க வேண்டும், அதைக் கையாளும் ஆட்களும் வேறாக இருக்க வேண்டும்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் உள்மதிப்பீட்டுத் தேர்வில், ஒருவர் ஒற்றை இலக்கத்தில் மதிப்பெண் வாங்குகிறார். மதிப்பெண் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறுகிறது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடுகிறது. அடுத்த இன்டர்னலுக்கு அவர் வருவதில்லை. பிறகு வகுப்புக்கும் வருவதில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்று துறைகளும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்ப, முதல்வர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் போகிறது. பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறோம். ‘இனி ஒழுங்காக நடந்துகொள்வேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். அந்தக் காகிதம் போய்ச் சேரும் கோப்பிலேயே ரேகிங் புகாரும் விடுதியில் நடந்த அடிதடியும் இருக்கின்றன. அதோடு கல்லூரி தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஏன் பாடம் புரியவில்லை என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த ஒரு மாணவி. இன்டர்னலில் மூன்று பாடங்களிலும் தேறவில்லை. வருகை 68 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒழுங்குக் குழு முன்னால் வரச் சொல்லிக் கடிதம் போனது. அப்பா கட்டட வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரவு பஸ் ஏறி வந்து, முதல்வர் அறைக்கு வெளியே மதியம் வரை நின்றார். மகள் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டாள் என்று நினைத்து, அறைக்குள் வந்ததும் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பெண் யாரையும் திட்டவில்லை, எதையும் திருடவில்லை, காப்பியடிக்கவில்லை. ஆனாலும் தந்தையும் மகளும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்து அவரை என் துறைக்கு அழைத்து உட்கார வைத்தேன். இதயத்தைப் பற்றி, தமிழிலேயே கேட்டேன். இதயத்துக்குள் திரும்பி வரும் இரத்தம் கூடினால் என்ன ஆகும்? “அறை விரியும் மேடம், தசைநார் நீளும், நீண்டால் இன்னும் பலமாகச் சுருங்கும், அதனால் வந்த இரத்தம் முழுக்க வெளியே போயிடும். அளவுக்கு மீறி நீண்டால் மட்டும் முடியாது” என்றார். இதயத்தின் இந்த இயல்பைச் சொல்லும் ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதியை இதைவிடத் தெளிவாகச் சொன்ன மாணவர்கள் குறைவு. அதே கேள்வியை வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. ‘படிக்காமல் வந்திருக்கிறாள்’ என்று எக்ஸாமினர் குறித்து வைத்திருந்தார்.

இந்த மாணவர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது நாம்தான். நீட் வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் வருவது அநேகமாக நின்றே போயிருந்தது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2020இல் சட்டம் இயற்றி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கியது தமிழ்நாடு. கட்டணத்தை அரசே ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றமும் 2022இல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இவ்வளவு பெரிய முயற்சி எடுத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டோம். உள்ளே வந்த பிறகு அந்தப் பிள்ளை முதல் மாதத்திலேயே ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கப் பாடநூலை எதிர்கொள்கிறது. பள்ளியில் படித்த உயிரியல் அறிவு தலைக்குள் இருக்கிறது, அதை வெளியே சொல்ல மொழி இன்னும் வரவில்லை. அதற்கு ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும். முதலாண்டு மொத்தமே ஏறக்குறைய ஓர் ஆண்டுதான்.

அந்த ஆறு மாதத்தில் கல்லூரி என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தபோது தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பயிற்சி வைத்தார்கள். மொழி, கணினி, நேரத்தைத் திட்டமிடுவது எல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. பிறகு அதன் காலத்தைக் குறைத்துவிட்டார்கள். இருக்கிற நாட்களும் பல கல்லூரிகளில் வரவேற்பு விழா, சிறப்புரை என்று போய்விடுகின்றன. அந்தப் பாடத்திட்டத்தோடு வந்த மதிப்பீட்டு வழிகாட்டியில் இன்னொன்றும் இருந்தது. இன்டர்னலில் தேறாதவர்களுக்கும், ஏதோ காரணத்தால் தேர்வைத் தவறவிட்டவர்களுக்கும் குறைதீர் பயிற்சி தர வேண்டும் என்பது. ஒவ்வொரு துறையும் தன்னைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்தப் பயிற்சி நம்மிடம் எந்த வடிவில் இருக்கிறது? பெரும்பாலும் இன்னொரு தேர்வாகத்தான் இருக்கிறது. தேறாதவருக்கு அதே கேள்வித்தாளை இன்னொரு முறை கொடுப்பது எப்படிப் பயிற்சியாகும்?

விதிகள் கடுமையானவை என்பதால்தான் இந்த உதவி இவ்வளவு அவசரமாகிறது. இன்டர்னலில் எழுத்தும் செய்முறையும் சேர்த்துப் பாதி மதிப்பெண் இல்லையென்றால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்பது 2019 விதி. வருகை எழுத்துப் பாடத்துக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம். சப்ளிமெண்டரி எனும் மறுதேர்விலும் தவறினால் அடுத்த ஆண்டு பேட்ச்சோடு உட்கார வேண்டும், அதைத்தான் ‘பேட்ச் போவது’ என்கிறோம். முதலாண்டைத் தாண்ட நான்கே முயற்சி, மொத்தப் படிப்புக்கும் ஒன்பதே ஆண்டு. இந்த எண்களை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் கையிலும் இல்லை. ஆனால் முதல் சறுக்கலுக்கும் பேட்ச் போவதற்கும் நடுவில் இருக்கும் மாதங்கள் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன.

வருகைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதியில் ஒருவருக்கு அம்மை போட்டால் மற்றவர்களுக்குத் தொற்றும் என்று நாமே வீட்டுக்கு அனுப்புகிறோம். அனுப்புவது சரி. இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வரும்போது வருகை 80க்குக் கீழே போயிருக்கும். அப்புறம் அவருக்கும் அதே நோட்டீஸ், அதே மன்னிப்புக் கடிதம். மஞ்சள் காமாலை, டெங்கு, வார்டில் தொற்றிய காசநோய் என்று படுத்தவர்களுக்கும் இதே கதைதான். சதவீதத்தைத் தளர்த்த வேண்டாம். தவறிய செய்முறை வகுப்புகளை ஒரு சனிக்கிழமை மதியம் திரும்ப நடத்தித் தாருங்கள். கருவிகள் அங்கேயே இருக்கின்றன, லேப் டெக்னீஷியன் இருக்கிறார். ஓர் உதவிப் பேராசிரியர் கூட இருந்தால் போதும்.

“நாளைக்கு நோயாளியின் உடம்பைத் தொடப் போகிறவர்கள், இதில் இளகக் கூடாது” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் அதையே நம்புகிறேன். தேறாதவரைத் தேற்றிவிடச் சொல்லி ஒருநாளும் கேட்க மாட்டேன். ஆனால் எதில் இளகக் கூடாது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் மூன்று மருத்துவப் பள்ளிகளில் படித்து, பின்னாளில் மாநில மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவுகளை, தண்டனை பெறாத 469 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டு பப்படாகிஸ் குழுவினர் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பின்னாளைய தண்டனையோடு அதிகத் தொடர்பு காட்டியது மாணவப் பருவத்து நடத்தைக் குறைதான். அதிலும் கடுமையான பொறுப்பின்மையும், குறையைச் சொன்னாலும் திருத்திக்கொள்ளாத போக்கும் முன்னால் நின்றன. தொடக்க ஆண்டுகளில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது.

நாம் செய்வது இதற்கு நேர் எதிராக இருக்கிறது. மதிப்பெண் குறைந்தவரைக் குழு முன் நிறுத்துகிறோம். நன்றாகப் படிக்கும் ஒருவர் வார்டில் ஒரு பாட்டியம்மாவை ‘ஏய்’ என்று கூப்பிட்டால், ரெக்கார்டில் பார்க்காத கேஸைப் பார்த்ததாக எழுதினால், டிசெக்‌ஷன் ஹாலில் உடல் தானம் செய்தவரின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தால், ‘நல்லா படிக்கிற பையன், விடுங்க’ என்கிறோம். இளகக் கூடாத இடம் இதுதான். 2024இல் கர்நாடகத்தின் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனைக்குள் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, அவர்களுடைய பயிற்சிக் காலத்தைப் பத்து நாள் நீட்டித்தார்கள். அளவான தண்டனை. நோயாளி இருக்கும் இடத்தில் எது கூடாது என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும், யாருடைய படிப்பும் நாசமாகவில்லை.

ரேகிங் விஷயத்தில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நம் தலைமுறை ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது. அதைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாடு ரேகிங் தடைச் சட்டம் வந்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2021இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அங்கே கடுமையாக இருங்கள். புகார் சொன்ன முதலாண்டுப் பிள்ளையைச் சமாதானம் பேசி அனுப்பாதீர்கள். ஒழுங்குக் குழு எதற்காக இருக்கிறதோ அந்த வேலைக்கு அதன் நேரம் முழுவதும் போகட்டும்.

தப்பு செய்தவருக்கும் ஒரு நியாயம் உண்டு. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்ல நாள் கொடுங்கள். விசாரணையில் கூட வர ஒருவரை அனுமதியுங்கள். புகார் கொடுத்த ஆசிரியரே குழுவில் உட்காரக் கூடாது. முடிவை, காரணத்தோடு, எழுத்தில் தாருங்கள். மேல்முறையீடு யாரிடம் செய்யலாம் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். ஒரு சாதாரண அரசு ஊழியருக்குச் சம்பள உயர்வை நிறுத்துவதற்கே எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்போது, ஒரு மாணவரை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்ய வாய்மொழி உத்தரவு போதும் என்பது எப்படிச் சரியாகும்?

ஒழுங்கு என்ற பெயரில் படிப்பையே தடுக்கும் விதிகளும் இருக்கின்றன. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் விடுதியை மட்டும் பூட்டுவதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நம் ஊரிலும் பையன்கள் நள்ளிரவு வரை ரீடிங் ரூமில் குழுவாக உட்கார்ந்து படிக்க, பெண்கள் அதற்கு முன்பே விடுதிக்குள் போய்விட வேண்டிய கல்லூரிகள் உண்டு. பாதுகாப்புதான் கவலை என்றால் ரீடிங் ரூமிலிருந்து விடுதி வரை விளக்கும் ஒரு காவலரும் போடலாமே. தனியார் செவிலியர் கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் சொன்ன பிறகும், அது திரும்பக் கிடைக்குமோ என்ற பயத்திலேயே வாய் திறக்காத செவிலியர் மாணவிகளை எனக்குத் தெரியும்.

அடுத்து மனநலம். இதில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் கொடுத்த அறிக்கைக்காக நாடு முழுவதும் 25,590 இளநிலை மருத்துவ மாணவர்கள் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்னார்கள். 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். 16.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. தாங்களே முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் அப்படியே எல்லாக் கல்லூரிக்கும் பொருத்த முடியாது. தற்கொலை எண்ணம் பற்றிய அந்தக் கணக்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 150 பேர் இருக்கும் ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு தொடங்கியது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது. பிள்ளைகள் ஏன் போவதில்லை? உதவி கேட்டுப் போக வேண்டிய மனநலத் துறை ஆசிரியரே நாளை அவருக்கு வார்டு போஸ்டிங் முடித்ததாகக் கையெழுத்துப் போடுபவர், வைவா கேட்பவர். துறைத் தலைவர் அறைக்கும் விடுதி வார்டனுக்கும் செய்தி போய்விடும் என்ற பயம் வேறு. ‘மென்டார்’ என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியரை ஒதுக்குகிறோம், அவரும் பெரும்பாலும் அதே இன்டர்னலுக்கு மதிப்பெண் போடுகிறவர்தான். மதிப்பெண் போடுகிற கையிடம் மனதைத் திறந்து காட்டு என்று எந்தப் பிள்ளையிடமும் எதிர்பார்க்க முடியாது.

அதனால் ஆலோசகர் தேர்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக இருக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோ உளவியலாளரோ வாரம் இரண்டு மாலை வந்து, துறைகளிலிருந்து தள்ளி இருக்கும் ஓர் அறையில் உட்காரலாம். அங்கே யார் வந்தார்கள் என்ற பட்டியல் முதல்வருக்குக் கூடப் போகக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆவது பிரிவு அந்த ரகசியத்தை ஓர் உரிமையாகவே சொல்கிறது. அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. அப்படி உயிர் தப்பி வந்த ஒரு மாணவரிடம் ‘விடுதியின் பெயரைக் கெடுத்தாய்’ என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பது எந்தக் காலத்திலும் நடக்கக் கூடாது. அவருக்கு ஒரு டெர்ம் விடுப்பு கொடுத்து, திரும்பி வரும்போது எந்தப் பாடத்தில் எங்கிருந்து தொடங்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும்.

எங்கள் துறையில் நாங்கள் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பணம் எதுவும் தேவைப்படவில்லை. வகுப்பு தொடங்கி ஆறாவது வாரத்தில், மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு சின்னத் தேர்வு. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து எங்கே சறுக்கினார் என்று நேரில் பேசுவோம், பட்டியல் எங்கும் ஒட்ட மாட்டோம். பின்தங்கியவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் வைவா பழக்கம். கேள்வி கேட்பவர்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள், அவர்களில் பலர் தமிழ் வழியில் வந்து இதே பாதையைக் கடந்தவர்கள். முதல் மாதம் தமிழிலேயே பதில் சொல்லலாம். அடுத்த மாதம் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அப்புறம் முழுக்க ஆங்கிலம். மேலே சொன்ன அந்த மாணவியும் அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்தார். சப்ளிமெண்டரியில் மூன்று பாடமும் தேறினார், பேட்ச் போகவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. அவை உங்கள் நூலகத்தில் பூட்டிய அலமாரியில் இல்லாமல் மேசை மேல் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை எனக்குத் தெரியும். மருத்துவ ஆணையத்தின் ஆய்வு, மருத்துவமனை வேலை, அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நீங்கள் கல்லூரி நடத்துகிறீர்கள். ஆனாலும் ஷோ காஸ் அடிப்பதற்கும், பெற்றோரை வரவழைத்து உட்கார வைத்துப் பேசுவதற்கும், மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேர்ப்பதற்கும் இப்போதே பல பேராசிரியர்களின் நேரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதே நேரத்தைத் திருப்பிவிடச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு முதல் இன்டர்னல் முடிந்ததும் பின்தங்கியவர்களுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போகும். அதில் ஒழுங்கு என்ற சொல்லே வர வேண்டாம். எந்த ஆசிரியரை, எந்த அறையில், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் அவர் அங்கே இருப்பார் என்பதை நீங்கள் உறுதி செய்யுங்கள். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் போனில் சொல்லுங்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். இதுவரை வாங்கி வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதங்களில், மதிப்பெண் குறைந்ததற்காகவும் வருகை குறைந்ததற்காகவும் மட்டும் வாங்கியவற்றை அந்தக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடலியங்கியல் பேராசிரியர் ஒருவர்